மாரிகாலப் பறவைகளோடு ஒரு காலை: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காட்டுக்குள் போகத் தேவையில்லை, கிளைகளுக்குள் தேடித் தேடிக் கழுத்து நோகவும் தேவையில்லை. பஸ் ஓடுகிற வீதியின் இரண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணீர், அதன் ஓரத்தில் சேறு, அந்தச் சேற்றில் சைபீரியாவிலிருந்து வந்த உள்ளான்கள் என்கிற சின்னக் கரைப்பறவைகள். ஒரு பைனாகுலரும் விடிய எழும்புகிற மனமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இது உங்கள் முதற்காலைக்கான வழிகாட்டி. நான் சொல்லப்போவதில் முக்கியமானது ஒன்றுதான்: ஒரே இடத்தில் நில்லுங்கள். மூன்று பாலம், நாலு குளம் என்று மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிந்தால் கொப்பியில் நிறையப் பெயர் சேரும், மனதில் ஒன்றும் தங்காது. ஒரு வெளியில் மூன்று மணித்தியாலம் நின்றால் எது எப்படி மேய்கிறது, எது எந்த ஆழத்தில் நிற்கிறது, எது முதலில் சத்தம் போட்டு மற்றவற்றை எழுப்புகிறது என்று கண் பழகிவிடும். அடுத்த முறை தூரத்தில் ஒரு நிழல் அசைந்தாலே பெயர் தானாக வாயில் வரும்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

கரைப்பறவைகளில் முந்திக்கொள்பவை ஆவணி, புரட்டாதியிலேயே வந்து இறங்கிவிடும். வாத்துகள் பிந்தும், கார்த்திகைக்குப் பிறகுதான் கூட்டமாகக் காணலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை அடித்து ஊற்றும்போது கடனீரேரி நிரம்பி நிற்கும். ஆழத் தண்ணீரில் சின்னக் கால்களுக்கு நிற்க இடமில்லை. பறவைகள் திறந்த புல்வெளியான தரவையிலும் வயலிலும் சிதறிப்போகும். மழை ஓய்ந்து தண்ணீர் வற்றத் தொடங்கினதும் ஓரங்களில் சேறு வெளியே வரும். புழு, சிறு நத்தை, கூனி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பறவைகளும் அங்கே திரும்பிவிடும்.

மார்கழி நடுவிலிருந்து மாசி முடியும்வரை எந்த நாளும் போகலாம். என்னைக் கேட்டால் தைப்பொங்கல் முடிந்த பிந்திய கிழமைகளைத்தான் சொல்வேன். மழை குறைந்திருக்கும், வாத்துகள் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும், வயலில் அரிவுவெட்டு நடக்கும். அறுத்த வயலையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

தை மாதத்தில் சூரியன் 6.30 அளவில் உதிக்கும். 6.10க்கு நீங்கள் இடத்தில் நிற்க வேண்டும். முதல் இருபது நிமிடம் நிறம் தெரியாது, உருவமும் சத்தமும் மட்டுந்தான். அது வீண்போகும் நேரமில்லை. பறவையை உருவத்தால் அடையாளம் காணப் பழக அதைவிட நல்ல நேரம் கிடையாது. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் போகிறீர்கள் என்றால் அலாரம் வைக்கத் தேவையில்லை, சங்கும் சேமக்கலமும் எழுப்பிவிடும். 9 மணிக்குப் பிறகு வெயில் ஏற ஏறத் தரவைக்கு மேல் கானல் அசையத் தொடங்கும். எவ்வளவு விலைகூடிய பைனாகுலரென்றாலும் அதற்குப் பிறகு தூரத்துப் பறவை நெளிந்து நெளிந்துதான் தெரியும். ஆகவே தண்ணீரை முதலில் பாருங்கள், வயலையும் தோட்டத்தையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிற்பது

மூன்று இடம் சொல்கிறேன். ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

பட்டணத்தில் இருப்பவர்களுக்குப் பண்ணைப் பாலம். கோட்டையைத் தாண்டித் தீவகம் போகிற வீதியில் நடந்தே போகலாம். வீதி மேற்குப் பக்கமாகப் போகிறது. மாரியில் சூரியன் தென்கிழக்கில் எழும்புவதால் வீதியின் வடக்குப் பக்கத்துத் தண்ணீரைப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவையில் விழும். தெற்குப் பக்கம் பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழல். இந்த ஒரு விடயத்தைக் கவனித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எந்த இடத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, சூரியன் எந்தப் பக்கம் என்பதுதான்.

வலிகாமம் மேற்கில் இருப்பவர்களுக்குக் காக்கைதீவிலிருந்து அராலிப் பக்கம் போகிற கல்லுண்டாய் வெளி. மாரியில் வழுக்கையாற்று வெள்ளம் கடனீரேரியில் வந்து சேர்வதும் இந்தப் பக்கந்தான். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில் இரண்டு வகைப் பறவைகளும் கூடும். காக்கைதீவில் மீன் இறங்குகிற நேரம் செம்பருந்தும் கள்ளப்பருந்தும் தலைக்கு மேல் வட்டமிடும். கள்ளப்பருந்தை இலங்கையின் தெற்கில் காண்பது அரிது. எங்களுக்கு அது அன்றாடப் பறவை. வெளியில் குப்பை குவிகிற ஒரு பகுதி இருக்கிறது. அதை விட்டுத் தள்ளி நில்லுங்கள், அங்கே காகமும் நாயும்தான் கூட.

மூன்றாவது வல்லை வெளி. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினால் பாலத்தடியில் இறங்கலாம். வாத்து பார்க்க ஆசையென்றால் யோசிக்காமல் இங்கே போங்கள். காலையில் தொண்டைமானாற்றுப் பக்கம் பார்த்து நில்லுங்கள், வெயில் முதுகில் இருக்கும். வாடைக்காற்று இங்கே மறிப்பில்லாமல் அடிக்கும். காதை மூடுகிற தொப்பியோ சால்வையோ கட்டாயம்.

சுண்டிக்குளத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான இடம், ஆயிரக்கணக்கில் பறவை இறங்குகிற இடம், எல்லாம் உண்மை. ஆனால் தூரம், வாகனம், மணல் பாதை என்று முதற்காலைக்கு அது பெரிய வேலை. ஊசிவால் வாத்தையும் நாமத்தலை வாத்தையும் பிரித்துச் சொல்லப் பழகின பிறகு போனால் அங்கே ஒரு நாள் முழுக்க நிற்க மனம் வரும்.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால் எடுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். 10 மடங்கு கூடத் தெரியுமே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கமும் 10 மடங்காகும், வாடைக்காற்றில் அது பெரிய தொல்லை. இரவல் வாங்கக்கூடியவர்கள் முதலில் இரவல் வாங்குங்கள்.

வாங்கின அன்றே வீட்டில் இதைச் செய்யுங்கள். இரண்டு குழாயையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு வலது முன்கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டு, முற்றத்துப் பனையின் ஓலை நுனியை இடது கண்ணால் பார்த்து நடுச் சில்லைத் திருப்பித் தெளிவாக்குங்கள். இப்போது இடதை மறைத்து, அதே ஓலையை வலது கண்ணால் பாருங்கள். நடுச் சில்லைத் தொடாமல், வலது கண்வில்லையின் அடியில் இருக்கிற வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கிற இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் கண்ணுக்கு அதுதான். பைனாகுலர் வைத்திருக்கிற பலர் இதைச் செய்வதேயில்லை. தலையிடிக்குது என்று சொல்லி அலுமாரியில் வைத்துவிடுவார்கள்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்வில்லையின் றப்பர் விளிம்பை மடித்து அல்லது உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பழக்கம் வேண்டும். பறவையைக் கண்டால் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்து, பிறகு பறவையைத் தேடினால் அது போய்விட்டிருக்கும். வேலியில் இருக்கிற காகத்தை வைத்து இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும்.

மற்றது எல்லாம் வீட்டில் இருப்பவைதான். மண் நிறத்தில் அல்லது மங்கல் பச்சையில் உடுப்பு. வெள்ளைச் சேட் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். முன்பக்கம் மூடின சப்பாத்து. தண்ணீர்ப் போத்தல், பாண் துண்டு, சின்னக் கொப்பி, பென்சில். மழை தூறினால் பேனை மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. நுளம்புக்குக் கையில் பூசிக்கொள்ளுங்கள். மாரி டெங்குக் காலம்.

முதல் அரை மணித்தியாலம்

போனவுடன் பைனாகுலரைத் தூக்காதீர்கள். ஒரு தந்திக் கம்பத்தின் பக்கத்திலோ பாலக் கட்டின் ஓரத்திலோ உங்கள் உருவம் வானத்தில் தனியாகத் தெரியாதபடி நில்லுங்கள். நீங்கள் வந்ததில் கிட்ட நின்ற பறவைகள் கொஞ்சம் விலகியிருக்கும். பத்து நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். வெறுங்கண்ணால் வெளி முழுவதையும் ஒருமுறை இடமிருந்து வலமாகப் பாருங்கள். எங்கே கூட்டம், எங்கே தனி, எங்கே ஒன்றுமேயில்லை.

காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தில் பாருங்கள். நிற்கிற பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் முகம் வைக்கும், இல்லாவிட்டால் இறகு கலையும். எழும்புவதும் இறங்குவதும் அதே திசைதான். வாடை அடிக்கும்போது ஒரு கூட்டம் எந்தப் பக்கம் எழும்பும் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லலாம். பலத்த காற்று ஆழமில்லாத தண்ணீரையும் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஒதுக்கும். நேற்று சேறாக இருந்த இடம் இன்று தண்ணீராக இருப்பதற்குப் பெரும்பாலும் காற்றுத்தான் காரணம்.

நிறத்தை விடுங்கள், நடையைப் பாருங்கள்

இதுதான் இந்தக் காலையின் நடுப்பகுதி. இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேற்றின் விளிம்பில் ஓடுகிற சின்னப் பறவைகள் எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோலத்தான் தெரியும். மாரியில் அவற்றின் உடுப்பே அப்படித்தான். நிறமெல்லாம் முட்டையிடுகிற காலத்துக்கு. ஆகவே நிறத்தைத் தேடினால் களைத்துப்போவீர்கள். ஒரே ஒரு பறவையைத் தெரிவுசெய்து அதன் பின்னாலேயே இரண்டு நிமிடம் கண்ணை வைத்திருங்கள்.

ஒன்று குடுகுடுவென்று நாலைந்து அடி ஓடும். சட்டென்று நிற்கும். நிமிர்ந்து அசையாமல் பார்க்கும். குனிந்து ஒரு கொத்து. திரும்பவும் ஓட்டம். இது உப்புக்கொத்தி. தலை உருண்டை, கண் பெரிது, அலகு கட்டை. இரையைக் கண்ணால் கண்டு பிடிக்கிற பறவை, அதனால்தான் நின்று நின்று பார்க்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறவர்கள் போலக் குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக் குத்தி முன்னுக்குப் போகும். இது உள்ளான். அதன் அலகு நுனியில் தொடு உணர்வு இருக்கிறது, சேற்றுக்குள் இருப்பதை அலகாலேயே அறியும், கண் தேவைப்படுவதில்லை. ஓடி நிற்பதா, நிற்காமல் குத்துவதா? இந்த ஒரு கேள்வியால் கரையில் நிற்கிற சின்னப் பறவைகளில் பெரும்பாலானவற்றை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் விடச் சிறியது, ஊர்க்குருவியளவு, கறுப்புக் காலும் கறுப்பு நேர் அலகுமாக ஓடித் திரிந்தால் அது கொசு உள்ளான். நிறை சுமார் 25 கிராம். ஆர்க்டிக் கரையில் முட்டை பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்து இந்தச் சேற்றில் நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம் குறையாத விடயம். அதனோடு சேர்ந்து, கொஞ்சம் உயரமாக, நீண்ட அலகு நுனியில் கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா? அது வளைமூக்கு உள்ளான். வயிறு வரை தண்ணீரில் நின்றும் மேயும்.

அடுத்ததாக ஆழத்தைப் பாருங்கள். ஒரே தண்ணீரில் கால் நீளத்தின்படி பறவைகள் வரிசையாக நிற்கும். ஈரச் சேற்றில் உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும். கணுக்கால் தண்ணீரில் பவளக்காலி உள்ளான். செம்மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை. அதைவிடக் கொஞ்சம் ஆழத்தில் பச்சைக்காலி உள்ளான். அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், சின்ன மீனைத் துரத்திக்கொண்டு தண்ணீரில் ஓடும், எழும்பும்போது மூன்று முறை 'தியூ-தியூ-தியூ' என்று கூப்பிடும். அதற்கும் உள்ளே கருவால் மூக்கன். அலகு முழுவதையும், சில வேளை தலையையும் சேர்த்துத் தண்ணீருக்குள் விடும். நெடுங்கால் உள்ளானைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளை உடல், உடலுக்குச் சம்பந்தமேயில்லாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால், கிட்டப்போனால் ஓயாத கத்தல். அதுவும் பவளக்காலியும்தான் வெளியின் காவற்காரர். அவை கத்தத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மேல் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்னுக்கு வாருங்கள்.

பெரிய பறவைகளை ஒரு பார்வையில் படித்துவிடலாம். தட்டையான அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசி வீசி நடந்தால் கரண்டிவாயன். வெள்ளை உடலும் கறுப்பு மொட்டைத் தலையும் வளைந்த அலகும் என்றால் அரிவாள்மூக்கன். திறந்த அலகைத் தண்ணீருக்குள் வைத்தபடி, காலால் கிளறிக்கொண்டு நடப்பது மஞ்சள்மூக்கு நாரை. கூழைக்கடாவை எல்லோருக்கும் தெரியும்.

பூநாரை எங்கே என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். தூரத்துத் தண்ணீரில் வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல அசைந்தால் அங்கே பாருங்கள். தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பக்கம் கீழே வரும்படி வைத்துத் தண்ணீரை வடித்துத் தின்னுகிற பறவை வேறு எங்களிடம் இல்லை. இளஞ்சிவப்பு நிறம் தின்னுகிற இரையால் வருவது. கூட்டத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். ஒருமுறை எழுப்பினால் கூட்டம் முழுக்க வேறு கரைக்குப் போய்விடும், அன்று உங்களுக்குப் பின் வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ட்ரோன் விடுவது இன்னும் மோசம்.

வாத்துகள்

வாத்துகள் பகலில் நடுத்தண்ணீரில் கூடி நித்திரை கொள்ளும். மேய்ச்சல் பெரும்பாலும் இரவில். விடிகிற நேரம் அவை திரும்பி வந்து இறங்குவதைக் காணலாம், வல்லையில் இதற்காகவே நேரத்தோடு போக வேண்டும். மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டால் எல்லாவற்றையும் தாரா என்பார்கள். உங்களுக்கு முதலில் மூன்று போதும்.

கழுத்து நீளம், வால் கூர், ஆணின் காப்பித் தலையில் கழுத்தோரமாக ஏறுகிற வெள்ளைக் கோடு: ஊசிவால் வாத்து. செம்மண் நிறத் தலையில் நெற்றியில் மட்டும் வெண்மஞ்சள் பட்டை, குட்டை அலகு: நாமத்தலை வாத்து, 'வீயூ' என்று விசில் அடிக்கும். சிறியது, ஆணின் கண்ணுக்கு மேல் அகல வெள்ளைப் புருவம்: நீலச்சிறகி. இந்தக் கடைசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மார்கழியில் நீலச்சிறகி ஆண்கள் பல இன்னும் பெண் நிறத்திலேயே இருக்கும், புருவம் தெளிவாக வர மாசியாகும். அதனால் பழுப்பு வாத்தைக் கண்டு பெயர் வரவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். 'பெயர் தெரியாத வாத்து, சிறியது, 40' என்று எழுதுங்கள். அது நேர்மையான குறிப்பு, பிறகு பயன்படும்.

எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால்

கீழே பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். ஏதோ ஒரு வேட்டைப் பறவை வந்திருக்கிறது. இறக்கையை ஆங்கில வீ எழுத்துப் போல உயர்த்திக்கொண்டு, தரவைக்கு மேல் தாழத் தாழ ஆடி ஆடி வந்தால் சேற்றுப் பூனைப்பருந்து. வெள்ளை வயிறு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, தண்ணீருக்கு மேல் நின்று படபடத்துக் கால் முன்னால் விழுந்தால் விராலடிப்பான். அது மீனை மட்டும் பிடிக்கும், சில நிமிடத்தில் உள்ளான்கள் திரும்பி இறங்கிவிடும். உள்ளான்கள் இறுக்கமான உருண்டையாகச் சேர்ந்து வானத்தில் திரும்பித் திரும்பிப் பறந்தால் வல்லூறைத் தேடுங்கள்.

வலைக்காரர்களோடு கதையுங்கள்

கடனீரேரியில் சிறகுவலை கட்டுகிறவர்கள், இறால் பிடிக்கிறவர்கள், தூண்டில்காரர் எல்லோரும் உங்களுக்கு முன்னமே அங்கே நிற்பார்கள். தண்ணீரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தச் செயலியிலும் இல்லை. மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள்.

"அண்ணை, பூநாரை இந்தப் பக்கம் வாறதோ?"

"காத்து விட்டால் அங்கால மண்டைதீவுப் பக்கம் நிக்கும் தம்பி. இஞ்ச இப்ப தண்ணி கூட."

இப்படி ஒரு பதில் உங்களுக்கு அரை நாளை மிச்சப்படுத்தும். அவர்களது வலைக் கம்பில் ஏறாதீர்கள், வள்ளத்தைச் சாய்ந்து நிற்காதீர்கள், முகத்தைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

எண்ணுவது எப்படி

பத்துக்குக் கீழே என்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். கூட்டமென்றால் முதலில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அந்த அளவை அப்படியே கூட்டத்தின் மீது வைத்து 10, 20, 30 என்று நகருங்கள். ஆயிரம் நிற்கிற இடத்தில் நூறு நூறாக. இரண்டுமுறை எண்ணிச் சராசரி எடுங்கள். 'நிறைய' என்று மட்டும் எழுதாதீர்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை.

கொப்பியில் திகதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, தண்ணீர் கூடவா குறையவா, பிறகு பறவையும் எண்ணும். வீட்டுக்கு வந்து, பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிற இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றலாம். சத்தத்தை வைத்துப் பெயர் சொல்கிற மெர்லின் செயலியும் உதவும். ஆனால் அது சொன்னதைக் கண்ணால் கண்ட பிறகே எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணப் பழகியவர்கள் அதில் சேரலாம், வடக்கில் ஆள் குறைவு.

கவனிக்க வேண்டியவை

வெளிக்குள் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்த சேறு உள்ளே முழங்கால் வரை இழுக்கும், சிப்பி காலைக் கிழிக்கும். பாலத்தில் பஸ்கள் வேகமாக வரும். பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது பின்னுக்கு நகரவே கூடாது.

கடற்படை, இராணுவ முகாம்களின் பக்கம் பைனாகுலரையோ கமராவையோ திருப்பாதீர்கள். யாராவது வந்து கேட்டால் கொப்பியைக் காட்டி, பறவை பார்க்கிறோம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முகமாலைப் பக்கம் போக நேர்ந்தால், மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ குறுக்கே கட்டிய நாடாவோ கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓரடியும் வைக்காதீர்கள். எவ்வளவு அருமையான பறவையென்றாலும்.

வயல் வரம்பில் முத்திரைப்புடையன், மணல் தரையில் சுருட்டை. நடக்கும்போது தரையைப் பாருங்கள், பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். தனியாகப் போவதைவிட இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது, பிள்ளைகளோடு போகிறவர்களும் பெண்பிள்ளைகளும் முக்கியமாக.

யாராவது துவக்கோ கண்ணியோ வைத்திருந்தால் சண்டைக்குப் போகாமல் இடத்தையும் நேரத்தையும் குறித்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது.

9 மணிக்குப் பிறகு

தேநீர்க்கடையில் ஒரு தேத்தண்ணியும் வடையும். பிறகு வயலுக்குப் போங்கள். யாழ்ப்பாணத்து வயல் மழையை நம்பி விதைப்பது. தை, மாசியில் அறுத்து முடியும். வெட்டு மெஷினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடக்கும். வெள்ளம் நிற்கிற துண்டுகளுக்கு மேல் மீசை ஆலாக்கள் பறந்து பறந்து தண்ணீரைத் தொட்டு எழும்பும். காலடியிலிருந்து 'ஸ்கேப்' என்று கத்திக்கொண்டு கோணல்மாணலாக ஒன்று எழும்பினால் கோரை உள்ளான். அது இறங்கின இடத்தைத் தேடிப் போகாதீர்கள், போனாலும் காணமாட்டீர்கள்.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களும் நல்லவை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மஞ்சள் வாலாட்டிகள் ஈரத்தோடேயே நடந்து வரும். மின்கம்பியில் பஞ்சுருட்டான், கீச்சான், தகைவிலான். ஒற்றைப் பனையில் பனங்காடை. இருக்கும்போது மண் நிறம், பறந்தால் நீலம். பனை உச்சியைச் சுற்றிச் சின்ன அரிவாள் வடிவில் சுழல்பவை பனை உழவாரன்கள், காய்ந்து தொங்குகிற ஓலையின் அடியில்தான் அவற்றின் கூடு. வடலிக்குள்ளிருந்து உரத்த, திரும்பத் திரும்ப வருகிற கூப்பாடு கவுதாரி. அதை இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோர வறண்ட நிலங்களிலேயே காணலாம், அதனால் சாதாரணமாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். முதற்காலையில் பதினைந்து பறவைக்குப் பெயர் தெரிந்திருந்தால் நல்ல காலை.

இரண்டு கிழமை கழித்து அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குத் திரும்பப் போங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும், வரிசை மாறியிருக்கும். பங்குனிக் கடைசியில் இன்னொருமுறை போங்கள். வளைமூக்கு உள்ளான்களின் வயிற்றில் செங்கல் நிறம் பொட்டுப் பொட்டாக ஏறியிருக்கும், கருவால் மூக்கனின் கழுத்திலும் அப்படித்தான். வடக்கே புறப்பட இருப்பவை அவை. கூட்டத்தில் இன்னும் சாம்பலாகவே நிற்பவற்றையும் எண்ணித் தனியாக எழுதுங்கள். அவற்றில் பல முதல் வருடத்து இளசுகள். சில வெயில் காலம் முழுவதும் இங்கேயே தங்கிவிடும், வைகாசி ஆனியில் போய் அவற்றைத் தேடிப் பார்க்கலாம்.